நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்பதிலிருந்து

மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் பணிபுரியும் நூலகத்தின் பின்கட்டில் ஒரு நீள மேசையைச் சுற்றி எட்டுப் பேர் உட்காருகிறோம். வாசகர்கள் வந்துபோகும் முன்கூடத்துக்கும் இந்த அறைக்கும் நடுவில் இரண்டு கதவுகள் உண்டு. நூல் வாங்குவது, வந்த நூலைச் சரிபார்ப்பது, அதன் விவரங்களைப் பட்டியல் பதிவாக எழுதுவது, அலமாரியில் அதன் இடத்தைக் காட்டும் பகுப்பெண் இடுவது, பருவ இதழ்களின் வரவைக் கணக்கில் வைப்பது, மின்னூல்களின் இணைப்பு அறுந்துபோனால் சீர்செய்வது, கிழிந்த ஏட்டைத் தைப்பது எல்லாம் இந்தப் பின்கட்டு வேலைகள்தான். நூலகத் துறையில் இதைத் தொழில்நுட்பப் பிரிவு என்கிறோம். வாசகர் அலமாரிக்குப் போய்க் கை நீட்டியதும் நூல் கிடைத்துவிட்டால், இப்படி ஒரு பிரிவு இருப்பதே அவருக்குத் தெரியாது. எங்கள் வேலை எப்படி மாறிக்கொண்டிருக்கிறது, அதில் எதை விடலாம், எதை விடக் கூடாது என்பதைப் பற்றி இந்த மேசையில் நடக்கும் பேச்சை வழிநடத்தும் பொறுப்பு ஆறு ஆண்டுகளாக என்னுடையது.

முதல் கூட்டத்தை நான் கெடுத்துவிட்டேன். புதிய பட்டியலாக்க விதிகள், இணைப்புத் தரவு, மீத்தரவின் எதிர்காலம் என்று நாற்பது படவில்லைகள் தயார் செய்து, முக்கால் மணி நேரம் நானே பேசி, கடைசியில் யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டேன். நூலின் முதுகில் பகுப்பெண் லேபிள் ஒட்டும் வேலையைப் பத்தொன்பது ஆண்டுகளாகப் பார்த்துவந்த ஒரு பெண்மணி மட்டும் கையை உயர்த்தி, "அடுத்த ஆண்டு இந்த நாற்காலியில் நான் இருப்பேனா?" என்று கேட்டார். பயிற்சி வகுப்புகள் வரப்போகின்றன என்று நான் பதில் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுக் குறிப்பேட்டை மூடிவைத்தார். அவர் கேட்டதற்கும் நான் சொன்னதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது அந்தக் குறிப்பேடு மூடிய விதத்திலேயே தெரிந்தது.

இரண்டாவது கூட்டத்துக்கு நான் எதையும் தயார் செய்துகொண்டு போகவில்லை. ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, நேற்றுக் காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கரை வரை என்ன செய்தீர்கள் என்பதை எழுதும்படி கேட்டுக்கொண்டேன். எழுதியதை ஒவ்வொருவராகப் படித்தார்கள். ஒருவர் விற்பனையாளர் அனுப்பிய மின்னூல் பதிவுகளில் இரட்டைப் பதிவுகளைக் களைந்திருந்தார். இன்னொருவர், சந்தா கட்டியும் திறக்காத ஓர் ஆய்விதழுக்காகப் பதிப்பகத்தோடு மின்னஞ்சலில் மல்லுக்கட்டியிருந்தார். மூன்றாமவர் முனைவர் பட்ட ஆய்வேடுகளை எண்மக் களஞ்சியத்தில் ஏற்றியிருந்தார். எட்டுப் பேரில் ஒருவர்கூட அன்று ஒரு நூலைக் கையில் எடுத்து முதலிலிருந்து பட்டியல் பதிவு எழுதியிருக்கவில்லை. இதை நான் படவில்லையில் போட்டுக் காட்டியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அவரவர் கையெழுத்திலேயே அது மேசைமேல் கிடந்தபோது அறையில் சிறிது நேரம் அமைதி நிலவியது. பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினார்கள். அன்று முதல் எந்தக் கூட்டத்தையும் நான் புதிய கருவியிலிருந்து தொடங்கியதில்லை. நேற்றைய வேலையிலிருந்துதான் தொடங்குகிறேன்.

எங்கள் குழுவின் மூத்தவர் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண்மணி. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். அந்த ஒரு சொல்லைத் தவிர எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். இந்த வேலை மாறுவது இது முதல் தடவை இல்லை என்பதை மற்றவர்களுக்குப் புரியவைத்தவர் அவர். அவர் பணியில் சேர்ந்தபோது பட்டியல் அட்டையைத் தட்டச்சில் அடித்து, இழுப்பறையின் பித்தளைக் கம்பியில் கோத்துவைக்க வேண்டும். நூலகங்கள் பதிவுகளைப் பகிர்ந்துகொள்வதற்காக 1983இல் சபினெட் என்ற வலையமைப்பு இந்த நாட்டில் உருவானது. கணினிப் பதிவுக்கான மார்க் என்ற வடிவம் 1960களில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஹென்றியெட் அவ்ரம் தலைமையில் உருவாகியிருந்தது. தென்னாப்பிரிக்கா அதன் வழியில் சாமார்க் என்று தனக்கென ஒரு வடிவம் வைத்துக்கொண்டு, பிறகு உலகப் பொது வடிவத்துக்கு மாறியது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013 மார்ச் 31 அன்று ஆர்.டி.ஏ. என்ற புதிய பட்டியலாக்க விதிகளுக்கு மாறியபோது நாங்களும் மீண்டும் பாடம் படித்தோம். 2015 அக்டோபர் 1 அன்று நூலகங்களுக்குப் பட்டியல் அட்டை அச்சிட்டுக் கொடுத்துவந்த ஓ.சி.எல்.சி. என்ற கூட்டமைப்பு தன் கடைசித் தொகுதி அட்டைகளை அச்சிட்டு நிறுத்தியது. இத்தனையையும் கடந்துவந்த அக்கா ஒன்றைச் சொன்னார்: ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நேரம் மிச்சமாகும் என்றுதான் சொன்னார்கள், ஆனால் யாருடைய நேரம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அந்தக் கேள்வியை நான் பிடித்துக்கொண்டேன், ஏனென்றால் அது எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வகுத்த விதியின் மறுபக்கம். சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்கச் சொல்கிறது. பின்கட்டில் நாங்கள் ஒரு பதிவுக்குச் செலவிடும் இருபது நிமிடம், முன்கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு வருகிற வாசகர்களின் தேடலை ஆளுக்குப் பத்து நிமிடம் குறைக்கலாம். அந்த இருபது நிமிடத்தை நாங்கள் மிச்சப்படுத்தினால், பளு வாசகர் தோளுக்கு மாறிவிடுகிறது. பதிவேட்டில் அது சிக்கனமாகத் தெரியும். இப்போது எந்த மாற்றத்தைப் பற்றிப் பேசினாலும், இதில் யாருடைய நேரம் குறைகிறது, யாருடைய நேரம் கூடுகிறது என்ற இரண்டு பத்திகளை வெண்பலகையில் எழுதிவிட்டுத்தான் பேசுகிறோம். முதுகு லேபிளை விற்பனையாளரே ஒட்டி அனுப்பும் ஏற்பாட்டை இந்தப் பத்திகளில் வைத்துப் பார்த்தபோது, அதனால் வாசகருக்கு எந்தக் குறையும் இல்லை என்று முதலில் சொன்னவர் அந்த லேபிள் ஒட்டும் பெண்மணியே. அவர் இப்போது ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் வேலை பார்க்கிறார். முதல் கூட்டத்தில் அவர் கேட்ட கேள்விக்கு ஒன்றரை ஆண்டு கழித்து அவர் வாயாலேயே பதில் வந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

எல்லா வேலையையும் அப்படி விட்டுவிட முடியாது. ஒரு நன்கொடைப் பெட்டியில் வந்த கோயில் மலர் ஒன்றைத்தான் இதற்கு எடுத்துக்காட்டாக நான் திரும்பத் திரும்ப மேசைக்குக் கொண்டுபோகிறேன். அறுபது பக்கம் இருக்கும். முன்னட்டையில் தமிழ், பின்னட்டையில் ஆங்கிலம். இரும்பு ஊசி துருப்பிடித்துத் தாளில் பழுப்புக் கறை. தொகுத்தவர் பெயர் முன்னட்டையில் ஒரு தலைப்பெழுத்தும் இயற்பெயருமாகத் தமிழ் முறையில் இருக்கிறது. பின்னட்டையில் அதே மனிதர் இரண்டு ஆங்கிலத் தலைப்பெழுத்துகளும் நைடூ என்ற குடும்பப்பெயருமாக இருக்கிறார். உள்ளே நன்றியுரையில் மூன்றாவது ஒரு வடிவம். இவர் ஒரே ஆளா, மூன்று பேரா என்பதை முடிவு செய்வது பட்டியலாக்குநரின் வேலை. பழைய பட்டியலாக்க விதிகள், குடும்பப்பெயர் இல்லாத தமிழரை இயற்பெயரில் பதியச் சொல்கின்றன. இங்கேயோ நாயுடு நைடூவாகவும், கவுண்டர் கவெண்டராகவும், முதலியார் மூட்லியாகவும் மாறி, ஒரு காலத்தில் சாதிப் பட்டமாக இருந்தது பிறப்புச் சான்றிதழில் குடும்பப்பெயராக நிலைத்துவிட்டது. ஆகவே சென்னையில் படித்துவிட்டு வந்த நான் இயற்பெயரில் தேடுவேன். டர்பனில் பிறந்த அவருடைய பேத்தி நைடூவில் தேடுவாள். இரண்டு தேடலும் ஒரே மனிதரிடம் வந்து சேரும்படி, ஒருவருடைய பெயரின் எல்லா வடிவங்களையும் சேர்த்துவைக்கும் பெயர்க் கோப்பில் இணைத்துவைக்காவிட்டால், இருவரில் ஒருவருக்கு அந்த மலர் இல்லாத நூல்தான்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு இங்கே கரை சேர்ந்தது. 1911 வரை இப்படி வந்தவர்கள் 1,52,184 பேர். கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம் என்று வரிசையாக எழுதினார்கள். தமிழ்ப் பெயரைக் காதால் கேட்ட எழுத்தர் தன் காதுக்குப் பட்டபடி ஆங்கிலத்தில் எழுதினார். அந்த எழுத்துக்கூட்டல்தான் பிறகு கல்லறையிலும் நிலப் பத்திரத்திலும் நூல்களின் தலைப்புப் பக்கத்திலும் ஏறியது. இதை நான் விளக்கிக்கொண்டிருந்த கூட்டத்தில் அக்கா எழுந்துபோய்த் தன் கைப்பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்துவந்தார். அவருடைய தாத்தாவின் தகப்பனார் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்ட இரண்டு ஆவணங்களின் நகல் அது. முப்பதாண்டுகளுக்கு மேலாக மற்றவர்களின் பெயர்களை ஒழுங்குபடுத்திக் கோப்பில் வைத்த கை, அந்தத் தாளை மேசையில் நீவி விரித்ததை நான் மறக்க மாட்டேன். இப்படிப் பெயர் வடிவங்களை இணைத்துவைக்கும் பெயர்க் கட்டுப்பாடு என்பது எதற்காக என்று அன்றைக்குப் பிறகு அந்தக் குழுவில் யாரும் கேட்டதில்லை.

எழுத்தைப் பற்றிய பேச்சு இன்னும் நுணுக்கமானது. தமிழ் நூலுக்கு ரோமன் எழுத்தில் பதிவு எழுதும் முறையில் ழகரத்துக்கு எல் எழுத்தின் கீழே ஒரு கோடும், ளகரத்துக்கு அதன் கீழே ஒரு புள்ளியும் இட வேண்டும். நெடிலுக்கு மேலே கோடு. கோடுகளும் புள்ளிகளும் உதிர்ந்துபோன பதிவுகளில் வாழையும் வாளையும் வலையும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் இடம் தரும் ஒருங்குறி வந்த பிறகு, பதிவில் தமிழ் எழுத்திலேயே இணையான புலம் (தகவல் கட்டம்) சேர்க்க முடிகிறது, ஆனால் அதிலும் ஒரு நெளிவு உண்டு. 'நூல்' என்று புள்ளியோடு தட்டி, பின்னால் என்ன வந்தாலும் காட்டு என்று கணினியிடம் கேட்டால் நூல்கள் வரும், நூலகம் வராது. கணினிக்குப் புள்ளி தனிக் குறியீடு என்பதால், நூலகத்தில் உள்ள லகரத்துக்குப் பின்னால் அதைத் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிடும். புள்ளியை எடுத்துவிட்டு 'நூல' என்று தேடினால் நூல், நூலை, நூலகம் எல்லாம் வந்துவிடும்.

இதை நான் திரையில் காட்டியபோது ஜூலு மொழி பேசும் இளம் சகா ஒருவர், தன் மொழியில் இந்த வசதியும் இல்லை என்றார். தமிழில் சொல்லின் வால்தான் மாறும், தலை அப்படியே நிற்கும். ஜூலுவில் தலைதான் மாறும்: மனிதனுக்கு உமுன்ட்டு, மனிதர்களுக்கு அபன்ட்டு. சொல்லின் முற்பகுதியை வைத்துத் தேடும் முறை, முற்பகுதி நிலையாக நிற்கும் மொழிகளுக்காகச் செய்த முறை. இந்த மாகாணத்தில் மிக அதிகமான மக்கள் பேசும் மொழியின் நூல்களை, அந்த மொழிக்குப் பொருந்தாத தேடல் கருவிக்குள் நாங்கள் வைத்திருந்தோம். தமிழ்ப் புள்ளியில் தொடங்கிய பேச்சு இந்த இடத்துக்கு வரும் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை. ஜூலு நூல்களுக்கு ஒருமை, பன்மை இரண்டு வடிவங்களையும் மாற்றுத் தலைப்பாகச் சேர்ப்பது என்ற முடிவு அன்று அவருடைய யோசனையில் பிறந்தது. நான்கு பேர் தங்கள் பாட்டுக்கு நான்கு கருவிகளைப் பற்றிப் பேசியிருந்தால் இது வெளியே வந்திருக்காது.

தமிழ் எழுத்துப் புலம் தேவைதானா, அதைப் படிக்க எத்தனை பேர் வருகிறார்கள் என்ற கேள்வியும் ஒருமுறை எழுந்தது. கேள்வி நியாயமானது, இங்கே தமிழ் எழுத்தைச் சரளமாகப் படிப்பவர்கள் குறைந்துகொண்டேதான் வருகிறார்கள். 1996ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம், இந்நாட்டுச் சமூகங்கள் பயன்படுத்தும் மொழிகளுக்கு மதிப்பு கிடைக்கச் செய்ய வேண்டும் என்று சொல்லும் ஆறாவது பிரிவில், தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த வரியை நான் படித்துக் காட்டினேன். அதைவிட, இன்று நாம் எழுதாவிட்டால் பத்தாண்டு கழித்து எழுதக்கூடியவர் இந்த அறையில் இருக்க மாட்டார் என்ற அக்காவின் பேச்சுதான் எடுபட்டது. நூல் இருக்கும், அதன் பெயரைப் படிக்கத் தெரிந்தவர் இல்லாத நிலை வரும்.

ஒரு நூல் எதைப் பற்றியது என்று பதிவில் குறிக்கும் பொருள் தலைப்புகளைப் பற்றிய கூட்டம்தான் இதுவரை நடந்தவற்றிலேயே கடினமானது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தலைப்புப் பட்டியலைத்தான் நாங்கள் பின்பற்றுகிறோம். அதில் எங்கள் மக்களைப் பற்றிய நூல்கள் நெடுங்காலமாகக் 'கிழக்கிந்தியர்கள், தென்னாப்பிரிக்கா' என்ற தலைப்பின்கீழ் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் பழங்குடியினரோடு குழம்பாமல் இருக்க வைத்த பெயர் அது. டர்பனில் அப்படித் தன்னை அழைத்துக்கொள்பவரை நான் பார்த்ததில்லை. குழுவில் ஒருவர், அயல்நாட்டுத் தலைப்பை நாம் தனியாக மாற்றினால் பகிர்ந்துகொண்ட பதிவுகளோடு இசையாமல் போகும் என்றார். மற்றொருவர், 1953ஆம் ஆண்டுச் சட்டம் நூலக வாசலில் நம்மை நிறவாரியாகப் பிரித்தது, சட்டம் 1990இல் ஒழிந்தது, தலைப்புப் பட்டியலில் அடுத்தவர் வைத்த பெயர் மட்டும் இன்னும் இருக்கலாமா என்று குரல் உயர்த்திக் கேட்டார். நான் இருவரையும் சமாதானப்படுத்த முயலவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் வழிநடத்துபவர் அவசரமாக நடுநிலை பேசினால், உண்மையைச் சொன்னவர் அடுத்த கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார். இருவர் சொன்னதையும் அவரவர் சொற்களிலேயே எழுதிவைத்துக்கொண்டு, பொதுத் தலைப்பை விட்டுவைத்து அதனோடு உள்ளூர்த் தலைப்பு ஒன்றையும் சேர்ப்பது என்ற முடிவுக்கு மூன்றாவது கூட்டத்தில்தான் வந்தோம்.

கூட்டத்தை நடத்துவதில் நான் பிடிவாதமாக வைத்துக்கொண்டிருப்பவை சிலவே. புதிதாகச் சேர்ந்தவர் முதலில் பேச வேண்டும். மூத்தவர் பேசிவிட்டால் இளையவர் அதைத் தாண்டிப் பேசத் தயங்குவார், இது நம் ஊரிலும் ஜூலு வீடுகளிலும் ஒன்றுபோலத்தான். பிரிவுத் தலைவர் வரலாம், மேசையின் தலைப்பக்கத்தில் உட்காரக் கூடாது. ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு பதிவு அல்லது ஒரே ஒரு நூல். மின்வெட்டு நேரங்களில் திரை அணைந்து, சன்னல் வெளிச்சத்தில் தாளை வைத்துப் பேசிய கூட்டங்கள்தான் நன்றாக நடந்திருக்கின்றன. 2020 மார்ச் 27 அன்று ஊரடங்கு தொடங்கிய பிறகு, நூலைத் தொடவே முடியாத நிலையில் வீட்டிலிருந்து கணினி வழியாகக் கூடினோம். பெயர்க் கோப்பில் தேங்கிக் கிடந்த இரட்டைப் பெயர்களை அந்த மாதங்களில்தான் வரிசையாகப் பார்த்தோம்.

2021 ஏப்ரல் 18 அன்று கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகம் காட்டுத்தீயில் எரிந்தது. ஆப்பிரிக்க ஆய்வுக்கான அச்சு நூல்களில் பெரும்பகுதி அழிந்தது. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தப் படங்களைப் பார்க்க முடியவில்லை. அடுத்த கூட்டத்தில் பேச்சை நான் தொடங்க வேண்டியிருக்கவில்லை. எரிந்த ஒரு நூல் அங்கே இருந்தது என்று சொல்ல அதன் பட்டியல் பதிவைத் தவிர வேறு சாட்சி இல்லை என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருந்தது. ஒரு வரித் தலைப்பும் ஆண்டும் மட்டும் உள்ள மெலிந்த பதிவு, எரிந்த நூலைப் பற்றி என்ன சாட்சி சொல்லும்? எங்கள் நூலகத்தில் வேறெங்கும் பிரதி இல்லாதவை எவை என்று அன்று ஒரு பட்டியல் போடத் தொடங்கினோம். கோயில் மலர்கள், பள்ளி மலர்கள், நாடகக் குழுக்களின் நிகழ்ச்சி நிரல்கள், ஈமச் சங்கங்களின் கணக்கேடுகள் என்று அது இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது. விற்பனையாளர் தரும் பதிவுகளை மின்னூல்களுக்கு அப்படியே ஏற்றுக்கொள்வோம், மிச்சமாகும் நேரம் முழுவதும் இந்தப் பட்டியலுக்கு என்பது இப்போதைய உடன்பாடு.

கடந்த மாதம், நூலின் படத்தைப் பார்த்துப் பதிவின் முதல் வரைவை எழுதித் தரும் ஒரு மென்பொருளைச் சோதித்துப் பார்த்தோம். அந்தக் கோயில் மலரையே அதற்கும் கொடுத்தோம். தலைப்பையும் பக்க எண்ணிக்கையையும் பிழையின்றி எழுதியது. அந்த வேலையை இனி அது செய்யட்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தமிழில் இருப்பதைக் கண்டுவிட்டுப் பொருள் தலைப்பில் தமிழ்நாட்டுக் கோயில்கள் என்று போட்டிருந்தது. தொகுத்தவரை இரண்டு ஆட்களாக ஆக்கியிருந்தது. ஜூலு பேசும் அந்த இளம் சகாதான் முதலில் பேச வேண்டிய முறை. மலரின் நாற்பத்தோராம் பக்கத்தைப் பிரித்து, கரும்புத் தோட்டத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருந்த வரியின்மேல் விரலை வைத்து, இது உம்கேனி ஆற்றுக்கு இந்தப் பக்கம், என் பாட்டி வேலை பார்த்த இடம் என்றார். தோட்டத்தின் பெயரையும் இடத் தலைப்பாகச் சேர்த்தோம். வருகிற புதன்கிழமைக்கு அவர் தன் பாட்டி வீட்டிலிருந்து ஒரு ஜூலுப் பாட்டுப் புத்தகத்தைக் கொண்டுவருகிறார். அதற்கு எங்கும் பதிவு இல்லை.